நடுநிசியில் எழுப்பும் பெட்டி

சட்டம் பயின்றோர் முதன் முதலாகக் கற்கும் விதிகளில் ஒன்று சம்மன் சேர்ப்பிப்பதைப் பற்றியது. ஒருவர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டால் அச்செய்தி அவருக்கு எட்டியாக வேண்டும். கோர்ட்டில் சம்மன் எழுதி முத்திரையும் வைத்தாகிவிட்டது என்றால் போதாது. அமீனா அதை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார் என்றாலும் போதாது. பிரதிவாதிக்கு அது சேர்ந்ததா என்று நீதிபதி கேட்பார். சேரவில்லையென்றால், அவர் ஆஜராகாததைக் காரணமாக வைத்து ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

சொத்து வழக்கில் இவ்வளவு கண்டிப்பாக நாம் கடைப்பிடிக்கும் விதியை உயிர் வழக்கில் மட்டும் மறந்துவிடுகிறோம். புயலோ வெள்ளமோ வந்து ஜனங்கள் மடிந்த பிறகு, "எச்சரிக்கை முன்னதாகவே விடுக்கப்பட்டதே" என்று அதிகாரிகள் கடிகாரத்தைக் காட்டிப் பேசுவது எல்லாத் தேசங்களிலும் வழக்கமாகியிருக்கிறது. அவர்கள் சொல்வது பெரும்பாலும் மெய்யே. எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆனால் அது சேர்ந்ததா? கதவைச் சார்த்திக்கொண்டு குழந்தை குட்டிகளுடன் உறங்கிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்ததா? விழவில்லையென்றால், அவரைப் பொறுத்த வரையில் அப்படி ஓர் எச்சரிக்கை பிறக்கவேயில்லை.

2025-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது அத்தேசத்தின் சுதந்திர தினம். குவாதலூப் நதிக்கரையில் விடுமுறைக்கு வந்தவர்களும், கோடை முகாமுக்கு வந்த சிறுமிகளும் உறங்கிக்கொண்டிருந்தனர். பின்னிரவு 1 மணி 14 நிமிஷத்துக்கு அத்தேசத்து வானிலை இலாகா திடீர் வெள்ள எச்சரிக்கையை வெளியிட்டது. 4 மணி 3 நிமிஷத்துக்கு அதனினும் கடுமையான அறிவிப்பு ஒன்று கெர் கௌண்டிக்கு வந்தது. இந்த இடைவெளி ஏறக்குறைய மூன்று மணி நேரம். நதியோ முக்கால் மணி நேரத்துக்குள் சுமார் 26 அடி உயர்ந்ததாக அம்மாகாண அதிகாரிகள் கூறினர். மத்திய டெக்ஸாஸில் அந்த வெள்ளத்தில் மாண்டவர் 130 பேருக்கு மேல். பெண் குழந்தைகளின் முகாம் ஒன்றில் மட்டும் 27 சிறுமிகளும் அவர்களைப் பார்த்துக்கொண்ட இளம் பெண்களும் மடிந்தார்கள்.

அந்த மலைப்பிரதேசத்தில் செல்போன் பல இடங்களில் எட்டாது. ஆற்றோரமாக அபாயச் சங்கும் வைக்கப்படவில்லை. ஆயினும் அந்த முதல் எச்சரிக்கை ஒரு வழியில் ஆகாயத்தில் போய்க்கொண்டுதான் இருந்தது. அதை வாங்கிக் கூவக்கூடிய ஒரு சிறு பெட்டி கட்டிலருகில் இருந்த வீட்டில், மின்சாரமும் செல்போனும் இல்லாவிட்டாலும், அது கூவியிருக்கும். அந்தப் பெட்டியைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

அமெரிக்கர்கள் இதை வானிலை ரேடியோ என்கிறார்கள். அத்தேசத்து வானிலை இலாகா 1,000-த்துக்கு மேற்பட்ட ஒலிபரப்பு நிலையங்களை நிறுவி, இரவு பகல் 24 மணி நேரமும் வானிலைச் செய்தியொன்றையே ஒலிபரப்பி வருகிறது. பாட்டுமில்லை, விளம்பரமுமில்லை. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையில் இதற்கென்றே ஏழு அலைவரிசைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண ரேடியோவில் இவை கேளா. தனிப் பெட்டி வேண்டும். ஒரு நிலையத்தின் ஒலி ஏறக்குறைய 40 மைல் தூரம் எட்டும். இடையில் மலை இருந்தால் அவ்வளவு எட்டாது.

இப்பெட்டியின் விசேஷம், அது சும்மா இருக்கத் தெரிந்தது என்பதுதான். மற்ற ரேடியோ நாம் திருப்பினால் பேசும், நிறுத்தினால் நிற்கும். இதுவோ வாய் மூடியிருந்தபடியே காதைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும். அபாயம் வரும் வேளையில் நிலையத்திலிருந்து ஒரு சங்கேதம் புறப்படுகிறது. அச்சங்கேதத்தில் எந்தக் கௌண்டிக்கு எந்த அபாயம் என்பது எண்களாகப் பொதிந்திருக்கும். கௌண்டி என்பது நமது ஜில்லா அல்லது தாலுகாவைப் போன்றதொரு பிரிவு. வீட்டுக்காரர் தமது கௌண்டிக்குரிய ஆறு இலக்க எண்ணை முன்னமே பெட்டியில் பதித்து வைத்திருந்தால், அந்த எண் வரும்போது மட்டுமே பெட்டி விழித்துக்கொண்டு, ஆழ்ந்த தூக்கத்தையும் கலைக்கும் கூர்மையான ஓசையிட்டு, பிறகு செய்தியை வாசிக்கும். அயல் ஜில்லாவின் அபாயத்துக்கு நம்மை எழுப்பாது. மின்சாரம் போனால் உள்ளேயிருக்கும் பேட்டரியில் நடக்கும். ஏறக்குறைய 30 டாலரிலிருந்து விலைக்குக் கிடைக்கிறது. அத்தேசத்துச் சம்பளக்காரர் ஒருவர் குடும்பத்துடன் ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் ஆகும் செலவு அது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. டார்னடோ என்னும் சுழற்காற்று அமெரிக்காவின் நடுப்பிரதேசத்துக்கு நித்திய பயம். ஆயினும் 1880-களின் பிற்பகுதி முதல் 1938 வரையில் அந்த வார்த்தையையே வானிலை அறிக்கையில் உபயோகிக்கலாகாது என்று இலாகா தடுத்து வைத்திருந்தது. ஜனங்கள் பீதியடைவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஜனங்களின் உயிரைவிட அவர்களுடைய மன அமைதியில் அதிகாரிகளுக்கு இருந்த அக்கறையை என்னென்பது! 1948-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி ஓக்லஹோமாவிலுள்ள டிங்கர் விமான தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு ராணுவ வானிலை அதிகாரிகள், இன்று சுழற்காற்று வரும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள், அவ்வாறே வந்தது. சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்றிருந்த விஷயம் அன்றோடு சொல்லக்கூடியதாயிற்று.

சொல்லக்கூடியதாயிற்றே யொழிய, வீடு வந்து சேரக்கூடியதாகவில்லை. 1974-ம் வருஷம் ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாகாணங்களில் 148 சுழற்காற்றுகள் வீசி 300 பேருக்கு மேல் மாண்டபோதுதான், எச்சரிக்கையை வீட்டுக்குள் கொண்டு சேர்க்கும் வழி வேண்டும் என்ற உணர்ச்சி அங்கே பலப்பட்டது. அதற்குப் பின்னரே வானிலை ரேடியோ நிலையங்கள் தேசமெங்கும் வேகமாகப் பரவின. இந்தியானா மாகாணத்தில் எவான்ஸ்வில் நகரத்தருகே 2005-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி பின்னிரவு 2 மணியளவில் ஒரு சுழற்காற்று வந்து 25 பேரைக் கொன்றது. அவர்களிற் பெரும்பாலோர் நடமாடும் வீடுகள் என்று சொல்லப்படும் இலேசான வீடுகளில் உறங்கியவர்கள். அங்கே தன் சிறு மகனைப் பறிகொடுத்த தாயார் ஒருவர் ஓயாது மன்றாடியதன் பயனாக, இத்தகைய குடியிருப்புகளில் புதிதாக நிறுவப்படும் வீடுகளில் வானிலை ரேடியோ இருக்க வேண்டும் என்று 2007-ல் அம்மாகாணம் சட்டம் இயற்றிற்று. இழப்பதற்கு மேலே ஏதுமில்லாத ஒருவர் கேட்டால்தான் சட்டசபைகளுக்குக் காது கேட்கிறது.

இப்பொழுது ஆட்சேபங்களை எடுத்துக்கொள்வோம். "ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில் ரேடியோப் பெட்டி எதற்கு?" என்று கேட்கிறார்கள். செல்போனை நாம் இகழவில்லை. அது வந்த பிறகு பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் படுக்கப்போகும்போது அதன் வாயைக் கட்டிவிட்டுப் படுக்கிறவர் எத்தனை பேர்! கோபுரம் எட்டாத இடங்களும் உண்டு. புயல் முதலில் சாய்ப்பது அந்தக் கோபுரத்தையும் மின்சாரக் கம்பத்தையும்தான். 2011-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி அலபாமா மாகாணத்தில், விடியற்காலையில் வந்த காற்று பல இடங்களில் மின்சாரத்தை அறுத்துவிட்டது. பெருங்கொலை புரிந்த சுழற்காற்றுகளோ பிற்பகலில் வந்தன. வெகு தூரம் போவானேன்? 2015-ம் வருஷம் டிஸம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது மின்சாரமும் போன், செல்போன்களும் ஓய்ந்துபோய், ஒரு தெருவிலிருப்பவருக்கு அடுத்த தெருவின் கதி தெரியாமல் தவித்ததை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

"ஊரில் அபாயச் சங்கு இருக்கிறதே" என்பது இரண்டாவது ஆட்சேபம். சங்கு வெளியிலிருப்பவருக்காக ஏற்பட்டது. மழையும் இடியும் முழங்க, ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்குகிறவருக்கு அது கேட்கும் என்று நம்புவது பேதைமை. 2011-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி மிஸ்ஸௌரி மாகாணத்து ஜாப்ளின் நகரத்தில் 150 பேருக்கு மேல் மடிந்தார்கள். அன்று சங்கு ஊதிற்று. ஊதியும், ஜனங்களில் பெரும்பாலோர் முதல் எச்சரிக்கை கிடைத்த உடனே ஒதுங்கவில்லை என்று பின்னர் நடந்த இலாகா விசாரணையில் வெளியாயிற்று. அடிக்கடி ஊதிப் பழகிய சங்கு. மெய்தானா என்று வேறொரு வழியில் உறுதிப்படுத்திக்கொள்ள அவர்கள் விரும்பினார்கள். வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். மனித சுபாவம் அப்படிப்பட்டது. அதைக் கடிந்து பயனில்லை. சங்கு "அபாயம்" என்ற ஒன்றைத்தான் சொல்லும். என்ன அபாயம், எங்கே, எந்தத் திசையில் வருகிறது, என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லும் சாதனம் இருந்தால், வானத்தை அண்ணாந்து பார்க்கும் அந்தச் சில நிமிஷங்கள் மிச்சமாகும்.

மூன்றாவது ஆட்சேபம், பெட்டி ஓயாமல் கத்தித் தொந்தரவு செய்கிறது என்பது. பெட்டியை வாங்கி, கௌண்டி எண்ணைப் பதிக்காமல் வைத்திருப்பவர்களே பெரும்பாலும் இவ்வாறு குறை கூறுகிறவர்கள். சுற்றுப்பட்ட ஜில்லாக்களுக்கெல்லாம் சேர்த்து அது கத்தும். மூன்றாம் இரவு கோபம் வந்து பிடுங்கிப் போடுவார்கள். நான்காம் இரவு மெய்யான அபாயம் வரும்.

நம்மவர் பலருடைய பிள்ளைகளும் பெண்களும் இன்று டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் குடியிருக்கிறார்கள். பேரக் குழந்தையைப் பார்க்க ஆறு மாதம் அங்கே போய்த் தங்கும் பெற்றோரும் அநேகர். ஆகையால் இதை உபயோகிக்கும் முறையை நாலு வரியில் சொல்வது வீணாகாது. பெட்டியைப் படுக்கையறையில், ஜன்னலுக்குச் சமீபமாக வைக்க வேண்டும். சமீபத்திலுள்ள நிலையத்தின் அலைவரிசையில் நிறுத்தி, கௌண்டி எண்ணைப் பதிக்க வேண்டும். பேட்டரியை வருஷத்துக்கு ஒரு முறையேனும் மாற்ற வேண்டும். வாரந்தோறும், பெரும்பாலும் புதன்கிழமை பகலில், நிலையத்தார் ஒரு பரீட்சை ஒலி அனுப்புவார்கள். அது தம் பெட்டியில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'வாட்ச்' என்று சொன்னால் அபாயம் நேரக்கூடிய நிலைமை உண்டாகியிருக்கிறது என்று பொருள், விழிப்பாயிருக்கலாம். 'வார்னிங்' என்று சொன்னால் அபாயம் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டேயிருக்கிறது. அப்பொழுது யோசிக்க நேரமில்லை. சுழற்காற்றானால் வீட்டின் அடித்தளத்தில் ஜன்னலில்லாத உள்ளறைக்குப் போக வேண்டும். வெள்ளமானால் மேட்டு நிலத்துக்கு ஏற வேண்டும். ஓடும் நீரில் காரைச் செலுத்தலாகாது. எந்த அறை, எந்த மேடு என்பதைப் பகலிலேயே குழந்தைகளுக்குக் காட்டி வைப்பது பெரியோர் கடமை.

இந்தப் பெட்டிக்கும் குறைகள் உண்டு. ஒலிபரப்புக் கம்பமே விழுந்தால் பெட்டி ஊமை. ஆகவே இதையும் செல்போனையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று தவறினால் மற்றொன்று பேசும். மேலும் பெட்டிக்குப் பின்னால் இரவு முழுவதும் கண் விழித்து ராடாரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் வேண்டும். 2025-ல் அமெரிக்க சர்க்கார் சிக்கனத்தின் பேரால் வானிலை இலாகாவில் பல நூறு பேர் வெளியேறும்படி செய்து, பிறகு மீண்டும் ஆள் எடுக்க அனுமதி கொடுத்தது. காவற்காரனுக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்துகிறவன் எதை மிச்சப்படுத்துகிறான் என்பதை அந்தத் தேசத்தார்தாம் யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான குறை பாஷையைப் பற்றியது. டெக்ஸாஸ் மாகாணத்தில் சராகோஸா என்ற சிற்றூரில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். 1987-ம் வருஷம் மே 22-ந் தேதி, பாலர் வகுப்பை முடித்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு ஒரு மண்டபத்தில் விழா நடந்துகொண்டிருந்தபோது சுழற்காற்று வந்து, ஊரில் 30 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள். எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவர்கள் கேட்டும் பார்த்தும் வந்த ஸ்பானிஷ் ஒலிபரப்புகளின் வழியே அது சரிவரப் போய்ச் சேரவில்லை. தாய்மொழியில் வராத எச்சரிக்கை, படிக்கத் தெரியாதவன் கையில் கொடுத்த சம்மனுக்குச் சமானம். இன்று அங்கே சில பிரதேசங்களில் ஸ்பானிஷிலும் ஒலிபரப்புகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள 30 உயிர் விலையாயிற்று.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். 1964-ம் வருஷம் டிஸம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற ரெயிலைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. அதில் போனவர் நூற்றுக்கு மேல். அந்நாளில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுதான் நமக்குப் பெரிய எச்சரிக்கை. பகலில் அதைப் பார்ப்பவருக்கு, அதன் எண்ணின் பொருளும் தெரிந்திருந்தால், அது எச்சரிக்கை. உறங்குகிறவருக்கு அது ஒன்றுமில்லை.

பிறகு 1980-களில் நமது வானிலை இலாகா ஒரு நல்ல காரியம் செய்தது. இன்சாட் செயற்கைக் கோள் வழியாகக் கரையோர ஊர்களுக்குப் புயல் செய்தி அனுப்பும் ஏற்பாடு அது. குறிப்பிட்ட பிரதேசத்துப் பெட்டிகளை மட்டும் சங்கேத எண்ணால் தேர்ந்தெடுக்கலாம்; அவை தாமே சங்கொலி எழுப்பிப் பிரதேச பாஷையில் செய்தி சொல்லும். யோசித்துப் பார்த்தால், அமெரிக்கர்களின் பெட்டிக்கும் இதற்கும் புத்தியில் அதிக பேதமில்லை. ஆனால் அமெரிக்கர்களின் பெட்டி கட்டிலருகில் இருந்தது. நமது பெட்டி சர்க்கார் கச்சேரியில் இருந்தது. கச்சேரியில் ஒலித்த தமிழ், அங்கிருந்து ஜீப்பிலும் தண்டோராவிலும் புறப்பட்டுக் குப்பத்துக்கு வரவேண்டியிருந்தது. கோர்ட்டிலிருந்து புறப்பட்ட அமீனாவின் கதையே இது. வழியில் பாலம் உடைந்திருந்தால் என் செய்வது?

2017-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஓக்கிப் புயல் குமரி முனையைத் தாண்டியபோது இந்தக் குறை பயங்கரமாக வெளிப்பட்டது. எச்சரிக்கை வலுப்பட்ட வேளையில், குமரி ஜில்லா மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கரையில் நின்று எவ்வளவு கூவினாலும் அவர்களுக்கு எட்டாது. திரும்பி வராதவர்களின் படங்களை வைத்துக்கொண்டு அக்கடற்கரைக் கிராமங்களின் பெண்கள் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. அதற்குப் பிறகு செயற்கைக் கோள் வழியே படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன, அது நல்லதே. 2023-ல் இந்திய சர்க்கார் செல்போன்களில் அபாய ஒலி பரப்பும் முறையைப் பரீட்சித்தது, அதுவும் நல்லதே. பாம்பனில் 'கடல் ஓசை' என்ற சமூக வானொலி, மீனவர்களுக்கென்றே அவர்கள் பேச்சிலேயே கடலையும் காற்றையும் பற்றிச் சொல்லி வருகிறது; அது மிகவும் நல்லது. ஆயினும் கரையோரக் குடிசையில் பின்னிரவில் தானே விழித்துக்கொண்டு, அவ்வூர்க்காரரை மட்டும் தமிழில் எழுப்பும் பெட்டி நம்மிடையே வழக்கத்துக்கு வரவில்லை.

இது செய்ய முடியாத காரியமல்ல. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் எதுவுமில்லை. ஒலிபரப்பும் வித்தை நமக்குத் தெரியும். பிரதேசம் பிரித்து அனுப்பும் வித்தையைச் சுமார் நாற்பது வருஷத்துக்கு முன்பே நாம் கையாண்டிருக்கிறோம். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ராமநாதபுரத்திலும் குமரியிலும் முதலில் சில கடற்கரைக் குப்பங்களை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு பெட்டி இலவசமாகக் கொடுத்து, வாரம் ஒரு முறை பரீட்சை ஒலி அனுப்பி, ஒரு மழைக்காலம் நடத்திப் பார்க்கட்டும். செய்தி வானிலை சாஸ்திரிகளின் தமிழில் இருக்கலாகாது. "காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்றால் எவரும் படுக்கையை விட்டு எழமாட்டார். "இன்று இரவு கடல் உள்ளே வரும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இப்பொழுதே பள்ளிக்கூட மாடிக்குப் போங்கள்" என்றால் எழுவார்.

விழாக்களிலும் தேர்தல்களிலும் இனாமாகப் பொருள் வழங்கிப் பழகிய நமது சர்க்கார்களுக்கு, வீட்டுக்கு ஒரு பெட்டி வழங்குவது புதிதல்ல. இந்தப் பெட்டியில் பாட்டு வராது. அதில் எவருடைய படத்தையும் ஒட்டினால் இருட்டில் தெரியாது. அதனால்தான் இதுவரை எவருக்கும் இந்த யோசனை தோன்றவில்லையோ என்னவோ! வருகிற ஐப்பசிக்கு முன்பேனும் தோன்றட்டும். அதற்குப் பிறகு ஒரு புயல் வந்து, "எச்சரிக்கை விடுத்தோம்" என்று எவரேனும் எழுந்து சொன்னால், நாம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: சேர்ப்பித்தீர்களா?